பாலத்தின் மேல் பெய்த மழை

போன புரட்டாசியில் சிட்னியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனாக டிக்கெட் போட்டுவிட்டான், தட்ட முடியவில்லை. பரளச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு. மழையை நம்பி, மக்காச்சோளத்தைக் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டுக் கிளம்பினேன். விதைத்தவன் போய் விமானத்தில் உட்காரலாமா? புத்தி கெட்டவன்தான் உட்காருவான். நான் உட்கார்ந்தேன்.

அங்கே போனதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. ஊரில் ஒரு தூறல் மட்டும் விழுந்ததாம். அது மழையே இல்லாததைவிட மோசம். ஈரம் பட்ட விதை முளைத்துவிடும். அடுத்த மழை வராவிட்டால் வெயிலில் கருகிவிடும்.

இந்த லட்சணத்தில்தான் மகன் அந்த ஊர்த் துறைமுகப் பாலத்தைக் காட்டக் கூட்டிப்போனான். மலை மாதிரி இரும்பு வளைவு, கீழே கப்பல்கள். காசு கொடுத்து அந்த வளைவின் மேல் ஏறுகிறார்கள்! உலகமே பார்க்க வருகிற பாலம்தான், இல்லையென்று சொல்லவில்லை. எனக்குத்தான் கண் அதில் நிற்கவில்லை. பாதிப் பாலத்தில் நின்று மனைவிக்குப் போன் போட்டேன்.

"மேகம் கூடுதா?"

"எங்கிட்டுக் கூடுது! வெயிலு மண்டையப் பொளக்குது. மொளச்சதெல்லாம் வாடுது. நீங்க பாலத்தப் பாருங்க."

போனை வைக்கவும் இங்கே மழை பிடித்துக்கொண்டது. சோவென்று கொட்டுகிறது, அத்தனையும் கடலுக்குள்! எனக்கு வயிறு எரிந்தது. எல்லோரும் குடை விரித்தார்கள். எங்கள் பக்கம் காத்திருந்து வருகிற மழைக்கு யாரும் ஒதுங்குவதில்லை. நானும் பழக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நனைந்தேன். அழுகை வந்துவிட்டது.

வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் ஓடிவந்து என் தலைக்கு மேல் குடை பிடித்து, ஏதோ கேட்டார்.

"ஒடம்புக்கு முடியலையான்னு கேக்குறாங்கப்பா" என்றான் மகன்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன். ஊருல வெதச்சுட்டு வந்திருக்கேன், மழை இல்லைன்னு சொல்லு."

அவன் கூச்சத்தோடு சொன்னான். அந்த அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவருடைய அண்ணனும் உள்நாட்டில் கோதுமை விதைத்திருக்கிறாராம், அங்கேயும் மழை இல்லையாம். இங்கே பெய்கிறது அங்கே பெய்யக் கூடாதா என்று அவரும் நினைத்துக்கொண்டுதான் நடந்தாராம். என் கையை ஒருதரம் அழுத்திவிட்டுப் போனார்.

எங்கள் மக்காச்சோளம் கருகித்தான் போனது. ஊர் திரும்பி, ஐப்பசி மழையில் மறுபடி விதைத்தோம். இப்போதெல்லாம் எங்கள் காட்டில் மழை விழுந்தால், முகம் தெரியாத அந்த அண்ணன் காட்டிலும் பெய்திருக்குமா என்று நினைக்காமல் என் மனசு அடங்குவதில்லை.