நான்காம் இடத்துக் குரல்

போ-ஜுனுக்கு முப்பத்து நான்கு வயது. முனைவர் பட்டத்துக்கு இது ஆறாவது ஆண்டு. தைவானின் பூலி ஊரை ஒட்டிய மலை ஓடைகளில் எந்தத் தவளை எந்த மாதம் எத்தனை முறை கத்துகிறது என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. மைத்துனன் ஆ-துங் அவனைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன பேராசிரியரே, தவளைங்க இன்னும் உங்களுக்குப் பாஸ் போடலையா?" என்று கேட்பான். போ-ஜுன் மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு சிரிப்பான்.

அவன் மனைவி யுவே-லான் காலைச் சிற்றுண்டிக் கடையில் முட்டை அடை சுடுபவள். முழங்கால்வரை சேறோடு வந்து, ஒரு வருடம் தினமும் அதே அடையைப் பேச்சில்லாமல் தின்றுவிட்டுப் போனவனைத்தான் கட்டிக்கொண்டாள். அவளும் அந்த ஒரு வருடமும் அவனிடம் ஒன்றும் பேசவில்லை. இருவருக்கும் அது பொருந்திப் போயிற்று.

கடை பன்னிரண்டு மணிக்கு மூடும். மகள் ஷின்-நிங்கை மழலையர் பள்ளியிலிருந்து நாலு மணிக்குத்தான் அழைத்து வரவேண்டும். இடைப்பட்ட நேரத்தில் யுவே-லான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உணவு மேசையில் உட்காருவாள். ஓடைக்கரை மரங்களில் போ-ஜுன் கட்டி வைத்திருக்கும் பதிவுக் கருவிகள் ஒவ்வொரு மணிக்கும் மூன்று நிமிடம் தாமாகவே பதிவு செய்யும். ஒற்றைப்படை மணிகள் அவனுக்கு, இரட்டைப்படை அவளுக்கு. தவளை ஒருமுறை கத்தினால் தாளில் ஒரு கோடு. பள்ளியைப் பாதியில் விட்டவள்தான், ஆனால் அவள் கோடுகள் தப்பியதில்லை.

கருவியில் புது நினைவக அட்டை போடும்போது போ-ஜுன் அதன்முன் நின்று நாளையும் இடத்தையும் சொல்லி, "பதிவு செய்பவர் ஜியான் போ-ஜுன்" என்று முடிப்பான். அந்தத் துறையில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். ஜூன் மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு, கருவி கட்டிய இடங்களில் நான்காம் இடத்துக்குப் போனான். அன்று அவளைச் சிரிக்க வைக்க, "உதவியாளர் ஜியான் ஷின்-நிங்" என்றும் சேர்த்துச் சொன்னான்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, வெயில் சன்னலை வெள்ளையாக்கிக்கொண்டிருந்த நேரத்தில், யுவே-லான் நான்காம் இடத்துப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள், பகல் பன்னிரண்டு மணி. தவளைகளுக்கு நடுவே கணவனின் குரல் வந்தது. "நான்காம் இடம். பதிவு செய்பவர் ஜியான் போ-ஜுன்." அன்று அவன் ஓடைக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள், அதே நேரம், பெயர் மட்டும். பதின்மூன்றாம் நாள் அந்தக் குரல் கருவிக்கு வெகு அருகில், ஒவ்வொரு அசையாகச் சொல்லிப் பார்ப்பதுபோல, "ஷின்... நிங்..." என்றது.

போ-ஜுன் வாங்கிக் கேட்டான்.

"பழைய அட்டைதான். சரியா அழியாம ஜூன் மாசத்துது ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"தவளை நின்னுடுச்சு," என்றாள் அவள்.

"எது?"

"பேசுறதுக்கு முன்னாடி தவளை எல்லாம் கப்புனு நின்னுடுச்சு. நீ கிட்டப் போனா நிக்குமே, அதே மாதிரி. பழைய பதிவா இருந்தா இப்பக் கத்துற தவளை எதுக்கு நிக்கணும்?"

அவன் திரும்பக் கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டான். "யாராவது குறும்புக்காரன் வந்திருப்பான்," என்றான் கடைசியில்.

"உன் குரல்லயா?"



ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு அதே ஓடைக்குப் போவதாக முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஆ-துங்குக்கு அந்தக் கோடையில் கிடைத்த ஒரே விடுமுறை நாள் அது. வாய்மொழித் தேர்வுக்கு முன் நான்காம் இடத்துக் கடைசி அட்டையும் போ-ஜுனுக்கு வேண்டியிருந்தது. யுவே-லானுக்குப் போக மனமில்லை. அம்மாவிடம் காரணம் சொன்னால் அவள் மருமகனை எப்படிப் பார்ப்பாள் என்று யுவே-லானுக்குத் தெரியும். பிள்ளையின் கையை விடக்கூடாது, அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

அது சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம், நல்ல அண்ணன்மார் என்று பயத்தோடு சொல்லப்படும் ஆவிகள் வெளியே நடமாடும் மாதம். வண்டியிலிருந்து இறங்குமுன்பே அம்மா எல்லாரையும் நிறுத்தினாள்.

"தண்ணிகிட்ட யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, அவங்க கேட்டு வெச்சுக்குவாங்க. ஆ-துங், நீ தொப்பை. மாப்பிள்ளை கண்ணாடி. பாப்பா முயல்."

"என்னை ஏம்மா தொப்பைன்னு? ஒரு நல்ல பேரா வையேன்."

"உள்ளதைத்தானேடா வைக்க முடியும்."

ஷின்-நிங் விழுந்து விழுந்து சிரித்தாள். யுவே-லானும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கணவனைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தண்ணீரின் எதிரே எத்தனை முறை தன் பெயரைச் சொல்லியிருக்கிறான் என்று கணக்குப் பார்க்கிறான்போல என்று நினைத்தாள்.

பன்னிரண்டு மணி நெருங்கியது. ஆ-துங் கரி அடுப்பில் இறைச்சியைத் திருப்பினான். அம்மா சோளத்துக்குச் சாறு தடவினாள். போ-ஜுன் யுவே-லானின் பக்கத்தில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தான். சூடான சோளத்தை அம்மா நீட்டவே, யுவே-லான் அதை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினாள். பிள்ளை நாலடி தள்ளிக் கூழாங்கல் பொறுக்கப் போனாள். கண்ணெதிரேதானே என்று யுவே-லான் விட்டுவிட்டாள்.

தவளைச் சத்தம் நின்றது. சில்வண்டும் நின்றது.

"ஷின்-நிங்," என்று மேல் ஓடையிலிருந்து போ-ஜுனின் குரல் கூப்பிட்டது. சாப்பிட வா என்று கூப்பிடுகிற சாதாரணக் குரல்.

யுவே-லான் பக்கத்தில் திரும்பிக் கணவனின் வாயைப் பார்த்தாள். வாய் நிறையத் தர்பூசணி. கடித்த இடத்திலிருந்து சாறு முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தது.

"இதோ வரேன்பா," என்று பிள்ளை எழுந்து தண்ணீருக்குள் இறங்கினாள்.

போ-ஜுன் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டுக் கத்தப் போனான். யுவே-லான் அவன் வாயைப் பொத்தினாள். அதே குரல் இரண்டு பக்கமும் கூப்பிட்டால் பிள்ளை எந்தப் பக்கம் வருவாள்? அவனை விட்டுவிட்டு ஓடினாள். ஓடையில் பாறைகள் வழுக்கின. ஷின்-நிங் இடுப்பளவுத் தண்ணீரில் அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். அவள் வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. பெரியவர் ஒருவரின் விரலைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிற பிள்ளையின் கை அப்படித்தான் இருக்கும். அந்தக் கைக்கு மேலே ஒன்றுமில்லை.

யுவே-லான் பிள்ளையின் இடுப்பை வளைத்துப் பிடித்து இழுத்தாள். உடம்பு வந்தது. கை வர ஒரு நொடி தாமதித்தது.

கரைக்கு வந்ததும் ஷின்-நிங் முதலில் தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு மேல் ஓடையைப் பார்த்தாள். "நீங்க எப்படி இங்க?" என்றாள்.

"நான் இங்கதான்மா இருந்தேன்."

"அப்போ முன்னாடி போனது?"

அம்மா பிள்ளையைத் துவட்டிக்கொண்டே, மெதுவாகக் கேட்டாள். "மூஞ்சியப் பார்த்தியா செல்லம்?"

"இல்ல. திரும்பவே இல்ல."

ஆ-துங் பாதி வெந்த இறைச்சியோடு அடுப்பில் தண்ணீரை ஊற்றினான். போ-ஜுன் கருவியை எடுக்க மரத்தின் பக்கம் போகவேயில்லை.

அன்றே யுவே-லான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா மருமகனைத் திட்டவில்லை. செவ்வாய்க்கிழமை அவர்களைப் பெயர் பார்ப்பவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு குடும்பப் பதிவு அலுவலகத்தில் போ-ஜுனும் யுவே-லானும் கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளைக்குப் புதுப் பெயர் வந்தது. படிவத்தில் இருந்ததை உரக்கப் படித்துச் சரிபார்க்கலாம் என்று போ-ஜுன் வாயெடுத்தபோது அம்மா அவன் கையைத் தொட்டாள்.

"மாப்பிள்ளை, கண்ணால பார்த்துக்கோங்க. வாய்விட்டுச் சொல்லிடாதீங்க. உங்க குரல் போற இடம் எதுன்னு நமக்குத் தெரியாது."

அவன் தலையாட்டினான்.

தேர்வில் நான்காம் இடத்தின் கணக்கு ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டார்கள். கருவி போய்விட்டது என்றான். திருத்தம் சொல்லிப் பட்டம் கொடுத்துவிட்டார்கள். ஆ-துங் பட்டாசுச் சரம் வாங்கி வந்து வெடித்தான்.

இப்போது பள்ளி வாசலில் மற்ற அப்பாக்கள் தங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட, போ-ஜுன் உள்ளே நடந்துபோய் மகளின் தோளைத் தொடுகிறான். அவள் நிமிர்ந்து அவன் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் கையைக் கொடுப்பாள். வீட்டில் அவளை அழைக்க வேண்டுமென்றால் யுவே-லானிடம் சொல்வான். யுவே-லான் கூப்பிடுவாள்.

புத்தாண்டுக்கு முன்பு ஒருநாள் மாலை, பிள்ளை தன் பெயரை முதன்முதலாகத் தானே எழுதிக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். மூன்று எழுத்தும் கோணலாக, கட்டத்தை விட்டு வெளியே கிடந்தன.

"படிங்கப்பா."

போ-ஜுன் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோட்டின்மேலும் விரலை ஓட்டினான். "ரொம்ப அழகா இருக்கு," என்றான்.

"படிங்க."

அவன் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டதை அடுப்படியிலிருந்து யுவே-லான் பார்த்தாள்.

பிள்ளை தாளைப் பிடுங்கிக்கொண்டு அவளிடம் ஓடிவந்தாள். "அம்மா, அப்பாவுக்கு அவ்வளவு பெரிய படிப்புப் படிச்சும் என் பேரைப் படிக்கத் தெரியல."