எல்லம்மாவின் மூக்குக்கு வந்த கல்

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்கு வெளியே மீன் விற்கும் எல்லம்மாவின் மூக்கு லேசுப்பட்ட மூக்கு அல்ல. கோவளத்தில் வலை கரையேறும்போதே, வந்திருப்பது சங்கராவா கொடுவாவா என்று இங்கிருந்தபடி சொல்லிவிடும். அப்பேர்ப்பட்ட மூக்கில், குத்திய துளை தூர்ந்துபோகாமலிருக்கக் கல்யாணக் காலத்திலிருந்து ஒரு விளக்குமாற்றுக் குச்சிதான் செருகியிருந்தது. அந்த இடத்தில் ஒற்றை வைரம் ஏற வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மகளைக் கட்டிக்கொடுத்து முடித்த பிறகு, சீட்டுக் கட்டிச் சேர்த்து, தாம்பரத்தில் பட்டாபிராமனின் நகைக்கடைப் படியேறினாள்.

வைரத்தை யாரும் பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிடுவதில்லை. சில நாள் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கிப் பார்ப்பார்கள். நல்லது நடந்தால் கல் ஒத்துக்கொண்டது. கெட்டது நடந்தால் திருப்பிவிட வேண்டும். பட்டாபிராமன் ஒரு கல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

“அடுப்புக்கரியும் இதுவும் ஒரே வஸ்துதாம்மா. பூமிக்குள்ள வெந்து, அழுந்தி இப்படி ஆயிடுத்து. இதைக் கீறணும்னா இன்னொரு வைரம்தான் வரணும். ஆனா சுத்தியலால ஒண்ணு போட்டா தூளாயிடும், ஜாக்கிரதை.”

“கரிக்கா சாமி இம்மாம் வெல?”

அவர் சிரித்தார். “அந்தக் காலத்துல இது பாம்பு காவல் காக்கற பள்ளத்துல கிடந்துதாம். எவன் இறங்குவான்? மேலேர்ந்து கொழுப்புக் கறியை வீசுவாளாம். கல்லு கொழுப்புல பச்சக்னு ஒட்டிக்கும். கழுகு கறியைத் தூக்கிண்டு மேல வந்ததும் துரத்திப் பிடுங்கிப்பாளாம்.”

“கயுகுக்குக் கூலி குட்த்தாங்களா?” என்று கேட்டுவிட்டு எல்லம்மா கல்லைச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள்.

சிரிப்பு அன்றைக்கு மட்டும்தான். கல் வீட்டுக்கு வந்த மறுநாளே அவள் புருஷன் எத்திராஜுக்குக் காய்ச்சல் கண்டது. லோடு ஆட்டோவில் மீன் ஏற்றிவரும் ஆள், போர்வைக்குள் சுருண்டு கிடந்தார். மாத்திரை போட்டால் இறங்கும். சற்று நேரத்தில் மறுபடி ஏறும். எத்திராஜின் தங்கை செல்வம்மாள் பார்க்க வந்தாள்.

“கல்லுக்குள்ள காக்கா கால் மாரி கீறல் இருந்தா புருசன் தலைக்குத்தான் ஒலையாம். நல்லா பாத்தியா அண்ணி?”

“வாயக் கயுவுடி! அதெல்லாம் ஒண்ணும் இல்ல.”

நாத்தனார் போனதும் எல்லம்மா கதவைச் சாத்திக்கொண்டு, கல்லை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இப்படித் திருப்பினால் காக்காய்க் கால் தெரிந்தது. அப்படித் திருப்பினால் மறைந்தது. பக்கத்து அறையில் எத்திராஜ் முனகும்போதெல்லாம் கல்லை மறுபடி வெளிச்சத்துக்குத் தூக்கினாள். இத்தனை காலம் குச்சியோடு இருந்தாயிற்று, இனியும் இருந்துவிட்டுப் போகிறேன், ஆள் பிழைத்தால் போதும் என்று முடிவு செய்தாள்.

விடிந்ததும் கல்லைக் காகிதத்தில் மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். வேறு வண்டியில் வந்து இறங்கிவிட்ட மீனை மட்டும் விற்றுவிட்டு தாம்பரம் போகலாம் என்று கடை விரித்தாள். பாதி விற்பனையில் சில்லறை எடுக்கச் சுருக்குப்பையில் கைவிட்டபோது காகிதம் வந்தது. ஈரத்தில் நைந்து, பிரிந்து, வெறும் காகிதம்.

எல்லம்மா பையைத் தலைகீழாக உதறினாள், சில்லறைதான் விழுந்தது. கல் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். எதைத் திருப்பிக் கொடுத்தால் காய்ச்சல் போகுமோ, அதையே தொலைத்துவிட்டாளே! இனி அந்தக் காய்ச்சல் எந்த வழியாக வீட்டை விட்டு வெளியேறும்? கூடையைக் கவிழ்த்தாள். ஐஸைக் கொட்டினாள். அரிவாள்மணையைச் சுற்றித் தரையைக் கையால் துழாவினாள். வெயிலில் ஒவ்வொரு மீன் செதிலும் வைரமாக மின்னிற்று. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள், எல்லாம் செதில்தான்.

அப்போது ஒரு காக்காய் இறங்கி, கழிவிலிருந்து கொடுவாக் கொழுப்பு ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு எழும்பியது. அந்தக் கொழுப்பில் ஏதோ பளிச்சென்றது.

பட்டாபிராமன் சொன்ன கழுகு ஞாபகம் வந்ததுதான் தாமதம், “அடியே! வுடுடீ அத்த!” என்று எல்லம்மா ஓடினாள். டிக்கெட் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காக்காய் தகரக் கூரையில் உட்கார, இவள் செருப்பு பறந்தது. அந்தக் காக்காய் இன்றைக்கும் ஊரப்பாக்கம் பக்கம் வருவதில்லை என்று கேள்வி. கொழுப்பு தொப்பென்று விழுந்தது. அதில் கல் புதைந்திருந்தது. செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றியும் கல் கொழுப்பை விடவில்லை.

செம்பைக் கீழே வைப்பதற்குள் ஃபோன் அடித்தது. எத்திராஜ்தான்.

“வேத்துக் கொட்டி ஜுரம் வுட்ருச்சு, எல்லம்மா. பசிக்குது. கொயம்புக்கு இன்னா மீனு?”

அண்ணனுக்குத் துணையாக வந்திருந்த செல்வம்மாள் ஃபோனைப் பிடுங்கிக் கத்தினாள். “பாத்தியா அண்ணி? கல்லு வூட்ட வுட்டுப் போச்சு, ஜுரமும் போச்சு. மரியாதியா திருப்பிடு!”

தாம்பரம் வரைக்கும் ரயிலில் எல்லம்மா உட்காரவே இல்லை. கல்லை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

“என்னம்மா, ஒத்துண்டுதா?” என்றார் பட்டாபிராமன்.

“இரு சாமி.” வீட்டுக்கு ஃபோன் போட்டாள். “செல்வம்மா, உங்கண்ணன் நெத்தியத் தொட்டுப் பாரு. நல்லா பாரு. சில்லுன்னு கீதா?” “சில்லுன்னுதான் கீது அண்ணி” என்று பதில் வந்தது. பிறகு கல்லைக் கண்ணாடி மேசையில் வைத்தாள். கொழுப்பு இன்னும் அதில் பிசுபிசுத்தது.

“எனக்கு ஒத்துக்கிச்சு. காக்கா தூக்கினு போயும் வுடாம ஒட்டிக்கினு வந்துச்சு. எங்க ஊட்டுக்காரருக்கு ஒத்துக்கலன்னா, அவரத்தான் திருப்பிக் குடுக்கணும். மாமியாரும் இல்ல, யாராண்ட குடுக்கறதுன்னுதான் தெரில.”

சொல்லிவிட்டு மூக்கிலிருந்த குச்சியை உருவி எறிந்தாள். ஃபோனை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள்.