வெங்காயக் கூடையோடு வந்த கூட்டம்

பேகம்பூரின் அந்தச் சந்தில் நாற்பது வீட்டுக்கு ஒரே ஒரு தெருக்குழாய். குர்ஷித் பேகத்தின் நாள் அங்கே குடத்தோடு தொடங்கும். அப்புறம் பிரியாணிக் கடைகளுக்குச் சின்ன வெங்காயம் உரிப்பாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அதில்தான் மகள் பாஸிலா பொருளாதாரம் படித்து, அந்த வீட்டின் முதல் பட்டதாரி ஆனாள்.

ஞாயிறு காலை சமுதாய மண்டபத்தில் வார்டுக் கூட்டம். இந்த வருடம் ஒரு வேலைக்குத்தான் பணம்: சந்தில் வீட்டுக்கு வீடு குழாயா, மேலத்தெருவில் பூங்காவா? வந்தவர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள்.

"ஏற்றத்தாழ்வு கூடுனா, இல்லாதவங்க ஓட்டுப் போட்டுப் பங்கு வாங்கிருவாங்கன்னு பாடத்துல இருக்கும்மா. நாமதான் அதிகம். ஜெயிச்சிருவோம்!" என்றாள் பாஸிலா.

"போன வருசமும் நாமதான் அதிகம். யாரு போனா? மத்தியானத்துக்குள்ள வெங்காயம் கடைக்குப் போகலேன்னா கூலி போச்சு."

பாஸிலாவுக்குச் சுருக்கென்றது. அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாடத்தில் எங்கே இருந்தது? தான் ஏன் அதை ஒருமுறைகூடத் தேடவில்லை?

குர்ஷித் சட்டென்று எழுந்தாள். "மூட்டையத் தூக்கு. பக்கத்து வீட்டு சைனம்பு அக்காவையும் மத்தவங்களையும் கூப்புடு. அங்கேயே உக்காந்து உரிப்போம்!"

கூடையும் கத்தியுமாகச் சந்தே மண்டபத்துக்குள் நுழைந்தது. பத்தே நிமிடத்தில் எல்லார் கண்ணிலும் தண்ணீர். மேலத்தெரு துணிக்கடை சேக் பரீது கைக்குட்டையை எடுத்தார்.

"வீட்டு வரி அம்புட்டும் கட்டுறது நாங்க. எங்களுக்கு ஒரு பூங்கா கூடாதா?"

"சோப்புக்கும் எண்ணெய்க்கும் நானும் வரி கட்டுறேன் பாய். அழாதீங்க, பூங்கா அடுத்த வருசம் வரும்," என்றாள் குர்ஷித். மண்டபமே சிரித்தது.

வார்டு உறுப்பினர் அமலராணி எண்ணினார். பூங்காவுக்கு இருபத்தாறு.

குழாய்க்குக் கைகள் எழுந்தன.

"சைனம்பு அக்கா, கத்தியக் கீழ வச்சிட்டுத் தூக்குங்க!" என்றாள் குர்ஷித்.

இருபத்தாறு.

ஓரமாக நின்று பாஸிலாவும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். சரிசமம்! இப்படி வந்தால் என்ன ஆகும்? எந்தப் பாடத்திலாவது...

முதுகில் சுள்ளென்று ஒரு வெங்காயம் வந்து விழுந்தது.

"ஏ புள்ள! எண்ணுனது போதும், கையத் தூக்கு!" என்று கத்தினாள் குர்ஷித்.

நோட்டு கீழே விழ, பாஸிலா இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஒரு கைதான் கணக்கு," என்று சிரித்தார் அமலராணி. "இருபத்தேழு. குழாய்!"

சந்துப் பெண்கள் போட்ட கூச்சலில் மண்டபம் அதிர்ந்தது. குர்ஷித் கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

"உரிங்கடி, மணி பதினொண்ணாச்சு!"