நெஞ்சுத் தட்டில் ஒரு சத்தம்

கணினித் துறையில் வேலை பார்க்கும் இளம்பெண்கள் கூடுகிறார்களாம். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா காலத்திலேயே இயந்திரத்தோடு மல்லுக்கட்டியவள் என்பதால் நான் வந்து அறிவுரை சொல்ல வேண்டுமாம். கால் வலி என்று சொல்லிவிட்டேன். கால் வலி உண்மைதான். ஆனாலும் போய் என்ன சொல்வது? அந்தக் காலத்தில் எனக்கு அறிவுரை சொன்னவர்கள் ஒரு பட்டாளம். எல்லாருடைய பேச்சையும் கேட்டுத்தான் நடந்தேன்.

மலாக்கா டவுனில் இருந்த டெலிபோன் ஆபீசில் எனக்கு வேலை. காஜா பெராங்கில் எங்கள் வீடு. அங்கிருந்து சைக்கிளில் போவேன். பலகையில் வரிசையாகத் துளைகள், கையில் கயிறுகள். ஒரு துளையில் அழைப்பவர், இன்னொரு துளையில் அழைக்கப்படுபவர், நடுவில் நாங்கள். காதில் கருவி மாட்டியிருக்கும். பேசும் குழல் ஓர் இரும்புத் தட்டில் பொருத்தப்பட்டு, கழுத்துப் பட்டையில் நெஞ்சின் மேல் தொங்கும். கைகள் இரண்டும் கயிற்றுக்கு வேண்டும் அல்லவா, அதனால் அந்த ஏற்பாடு. வேலை முடிந்து கழற்றிய பிறகும் அந்தப் பாரம் நெஞ்சில் இருப்பதுபோலவே தோன்றும்.

எங்கள் மேற்பார்வையாளரை எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். முகத்தில் இல்லாவிட்டாலும் குரலில் சிரிப்பு இருக்க வேண்டும் என்பது மிஸ்ஸின் அறிவுரை. வேலைக்குப் போ, ஆனால் வேலையைக் காட்டிக் கல்யாணத்தைத் தள்ளாதே என்பது அப்பாவின் அறிவுரை. கல்யாணம் ஆகிவிட்டால் பெண்ணின் நிரந்தர வேலை தற்காலிகமாகிவிடும் என்பது ஆபீசின் சட்டம். ஆண்களுக்கு அப்படி எதுவும் இல்லை. யாரும் அதை ஒரு கேள்வியாகக்கூட எடுக்கவில்லை. நானும்தான்.

அப்போது தானியங்கி இயந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. எண்ணைச் சுழற்றினால் தானாகவே இணைப்பு விழுமாம். எங்களில் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. ஆனால் இயந்திர அறையில் ஒரு சோதனை மேசை வரும். எந்தக் கம்பியில் பழுது என்று காதால் கேட்டு, மீட்டர் முள்ளைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் வேலை அது. பலகையிலிருந்து ஒருவரைக் கோலாலம்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்பலாம், நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும் என்றார்கள். பரீட்சை எழுதினேன். மிஸ் என் பெயரைத்தான் மேலே அனுப்பினார். அந்த மேசை எனக்கு வேண்டும் என்று இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

பதில் வருவதற்குள் முகூர்த்த நாள் வந்துவிட்டது. புக்கிட் ரம்பாய் பக்கம் ரப்பர் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் மாப்பிள்ளை. நல்ல மனிதர், என் வேலைக்கு அவர் குறுக்கே நிற்கவில்லை. பயிற்சிக்கு ஆளெடுக்கும் வரை ஆபீசில் மூச்சுவிட வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். புக்கிட் பாருவில் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் சின்னப் பந்தல் போட்டுத் தாலி கட்டினார். அடுத்த நாளே நான் பலகையில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர்கள் வாழும் செட்டி கம்பத்தைச் சேர்ந்தவர். மலாய்க்காரப் பெண்களைப்போலக் கெபாயா சட்டை போட்டு, கொண்டையில் ஊசி குத்தி வருவார். தமிழ் வராது, பேச்செல்லாம் மலாய்தான். வேலைக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். மஞ்சள் வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

“பாக்காய் பெனாங் சாஜா,” என்று காதோடு சொன்னார். நூலை மட்டும் போட்டுக்கொள், தங்கம் வேண்டாம் என்று அர்த்தம். தட்டில் பட்டால் சத்தம் கேட்கும் என்று விரலால் தட்டியும் காட்டினார்.

நூல் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. மூன்றாம் மாதம் மாமியார் தாலி பிரித்துக் கோர்க்க நாள் பார்த்தார். மஞ்சள் கயிற்றை எடுத்துவிட்டு, காசும் குண்டும் சேர்த்துத் தங்கச் சங்கிலியில் கோர்க்கும் சடங்கு அது. கொஞ்ச நாள் பொறுக்கலாமா என்று கேட்டேன்.

“ஏம்மா, எங்க வூட்டுக்கு வந்த மருமவ வெறுங்கயித்தோட இருந்தா ஊரு என்னா பேசும்?” என்றார் மாமியார்.

அவர் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த சங்கிலி. அதையும் கேட்டு நடந்தேன். ரவிக்கைக்குள் கைக்குட்டையை மடித்துச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒரு நாள் காலை ஜவுளிக்கடை பாய் அழைத்தார். டவுனில் பழைய கடை அவருடையது. எங்கள் எல்லாருடைய குரலும் அவருக்குத் தெரியும். மேல்வரிசையில் இருந்த துளைக்கு எட்டிக் கயிறு போட்டேன். கைக்குட்டை நழுவியது. சங்கிலி தட்டில் உரசியது.

“என்னாம்மா, கலகலன்னு கேக்குது?” என்றார் பாய். “பினாங்குலேர்ந்து எம்மவ பேசுறப்பவும் இப்புடித்தான் கேக்கும். அவ கருகமணி போன்ல இடிக்கும். ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? சொல்லவே இல்லயே! நல்லா இருக்கணும்மா, நூறு வருசம் நல்லா இருக்கணும்.”

“நன்றி, பாய்,” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? மனதார வாழ்த்துகிறார். என் கல்யாணத்துக்கு ஆபீசில் கிடைத்த ஒரே வாழ்த்து அதுதான்.

மிஸ் தன் மேசையிலிருந்து எங்களில் யாருடைய இணைப்பிலும் புகுந்து கேட்கலாம். குரலில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அன்று அந்த நேரத்தில் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் தமிழ் தெரியும்.

கூப்பிட்டார், போனேன். உண்மையா என்றார். சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினேன். காதில் விழாமல் இருந்திருந்தால் நானும் தெரியாததுபோல இருந்திருப்பேன், ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் கண் கலங்கியது. எனக்கு ஒன்றும் வரவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்துவிட்டு, மறுபடி போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பலகையில் விளக்கு எரிந்தது, எண் என்ன என்று கேட்டேன்.

அன்று மதியம் அக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு குவே பலகாரத்தை என் கையில் வைத்தார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபமாவது வந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் தற்காலிகம். அதே நாற்காலி, அதே கயிறு. பயிற்சிக்கு லைன் பிரிவிலிருந்து ஒரு தமிழ் அண்ணனை அனுப்பினார்கள். திரும்பி வந்த கையோடு அவருக்குக் கல்யாணம். ஆபீசில் கேக் வெட்டினோம். எல்லாரும் சேர்ந்து சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தோம். குடும்பஸ்தன் ஆகிவிட்டார், இனிப் பொறுப்பு கூடும் என்று பெரிய அதிகாரி மேசை வேலையை அவருக்கு நிரந்தரமாக்கினார். கைதட்டினேன். எனக்கும் ஒரு துண்டு கேக் வந்தது. சாப்பிட்டேன், இனிப்பாகத்தான் இருந்தது.

புதிய இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு, வெளியூர் அழைப்புகளுக்காக எங்களில் சிலரை வைத்துக்கொண்டார்கள். முதல் வாரமே சோதனை மேசையிலிருந்து என் இடத்துக்கு அழைப்பு வந்தது.

“தங்கச்சி, ஒங்க லைன்ல ஏதோ கரகரன்னு சத்தம் வருது. நானும் காலையிலேர்ந்து பாக்குறேன், பழுது எங்கன்னே தெரியல. ஒங்களுக்குக் கேக்குதா?”

“கேக்குதுண்ணே,” என்றேன். “லைன்ல ஒண்ணும் இல்ல. அது என் தாலி.”