கருமாதிக்கு முன் வந்த கொடி

என் புருசன் செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கம் கருமாதி முடியும்வரை வாசலில் கோலம் போட மாட்டோம், மாவிலை கட்ட மாட்டோம், கலர்த் துணி எதுவும் தொங்க விட மாட்டோம். போனவருக்கு நான் செய்ய மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துச் சுதந்திர தினம் வந்தது. மல்லசமுத்திரம் ரோட்டில் வரிசையாக வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் எல்லாம் கொடி ஏறிவிட்டது. கட்டாத வீட்டைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள் என்று பேச்சு. சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் மதியம் இரண்டு பேர் பைக்கில் வந்து என் வாசலில் நின்றார்கள்.

"ஏனுங்க ஆத்தா, உங்க ஊட்டுல மட்டும் கொடியக் காணோம்?"

வெளியாளிடம் பேச எனக்கு எப்போதுமே நாக்கு எழாது. "கருமாதி முடியலீங்க சாமி. முடிஞ்சதும் நானே கட்டிப்போடறனுங்க" என்றேன்.

"நாட்டுக்கு ஏதுங்க ஆத்தா எழவு?"

பின்னால் உட்கார்ந்திருந்தவன் சிரித்தான். "ஆத்தா எந்த நாடோ என்னமோ, ஆதார் கார்டக் கேட்டுப் பாருடா."

சிரித்துக்கொண்டேதான் படம் எடுத்தான். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

சாயங்காலம் வாடகை வாங்கும் வீட்டு ஓனர் வந்தார். சாவுக்கு வந்தபோது என் கையைப் பிடித்து அழுதவர்.

"என்ற ஊட்டுப் படம் ஊரெல்லாம் சுத்துதுங்கம்மா. காலைல கொடி இருக்கோணும். இல்லீனா வேற ஊடு பாத்துக்கங்க."

பக்கத்து வீட்டுக்காரி, "கட்டித் தொலைங்கக்கா, செத்தவரா எந்திரிச்சு வந்து பாக்கப் போறாரு?" என்றாள்.

அஞ்சாவது வரை படித்தவள் நான். பள்ளியில் கொடி ஏற்றும் நாளில், துவைத்த பாவாடை காயும் முன்னே கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறேன். வா என்று யாரும் மிரட்டியதில்லை. அந்தக் கொடிக்காக என் வீட்டைப் பறிப்பார்கள் என்று நினைத்ததே இல்லை.

வீடு போனால் போகட்டும், கட்டுவதில்லை என்றுதான் காலையில் கதவைத் திறந்தேன். நிலையில் ஆணி அடித்து யாரோ கொடியைச் செருகியிருந்தார்கள். பிடுங்கக் கையைத் தூக்கினேன். எதிரே அதே பைக். பின்னால் இருந்தவன் போனை என் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தான்.

கட்டாததற்கே வீடு போகும் என்றார்கள். பிடுங்கினால் என்ன செய்வார்கள்?

கையை இறக்கினேன். உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டேன். பைக் இன்னும் கிளம்பவில்லை.