பயனர் தவறு

பிள்ளைகள் எழுதும் புகார்களைப் படிப்பதுதான் இந்துஜாவின் வேலை. கோவில்பட்டியில், எட்டயபுரம் ரோட்டில், மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடையின் மாடியில் அவள் ஆபீஸ். பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு கணினிகள். கீழே மோட்டாரைச் சோதிக்க ஓட்டும்போதெல்லாம் மேலே மேசை அதிரும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க 'அடுக்கு' என்று ஒரு மென்பொருள் வந்திருந்தது. தமிழிலேயே எழுதலாம். 'மயில் பத்து அடி நட' என்று ஒரு வரி தட்டினால் அது ஒரு நீலக் கட்டமாக மாறி, முந்தைய கட்டத்தின் கீழே போய் ஒட்டிக்கொள்ளும். கட்டங்கள் சரியாக அடுக்கப்பட்டால் திரையில் மயில் நடக்கும். நடக்காவிட்டால், மூலையில் இருக்கும் பெட்டியில் கருத்து எழுதி அனுப்பலாம். அப்படித் தமிழில் வருவதையெல்லாம் படித்து, ஆங்கிலத்தில் இரண்டு வரியாகச் சுருக்கி, நான்கில் ஒரு வகையில் சேர்க்க வேண்டும்: மென்பொருள் பிழை, வேண்டுகோள், பயனர் தவறு, தொடர்பற்றது.

பிள்ளைகள் எதையும் எழுதுவார்கள். 'மயில் நடக்குது, நிக்க மாட்டேங்குது.' 'சேவல் படம் வேணும்.' ஒரு பிள்ளை, 'சாயந்தரம் மூணே முக்கால் கழுகுமலை பஸ் எங்க ஊர்ல நிக்கிறதில்லை, நிக்கச் சொல்லுங்க' என்று எழுதியிருந்தது. இந்துஜா சிரித்துக்கொண்டே 'தொடர்பற்றது' என்று போட்டாள். அந்த பஸ்ஸில் ஒரு காலத்தில் அவளும் போயிருக்கிறாள்.

அவளுக்குக் கழுகுமலைக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா ஆடு வைத்திருந்தார்; மழை பெய்த வருஷம் மானாவாரியில் மக்காச்சோளமும் போடுவார். மகளுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "பள்ளிக்கூடத்துக்கெல்லாம் எம்மவதான் பதில் சொல்லுதா" என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பதில்கள் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருந்தன, ஒன்று முதல் பதினான்கு வரை. எண்ணைத் தட்டினால் போய்விடும்.

ஒரு புகாரை 'மென்பொருள் பிழை' என்று அனுப்பினால் அது பெங்களூரில் இருந்த பொறியாளர்களிடம் போகும். அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் திருப்பி அனுப்பினால் அனுப்பியவளின் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் புள்ளி விழும். மூன்று புள்ளி விழுந்தவளை அடுத்த தடவை ஒப்பந்தத்தில் சேர்க்க மாட்டார்கள். அதனால் அந்த மாடியில் எல்லாரும் சந்தேகம் வந்தால் 'பயனர் தவறு' என்றே போட்டார்கள். பிள்ளைகளுக்குப் புள்ளி கிடையாது.

ஆகஸ்ட் மாதத்தில் உச்சிமாகாளி என்பவரிடமிருந்து முதல் கடிதம் வந்தது. குளத்தூர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பகுதிநேரக் கணினி ஆசிரியர். மற்றவர்களைப் போல ஒரு வரியில் எழுதவில்லை.

'ஐயா, என் மாணவி பள்ளிக் கணினியில் தொட்டி என்று ஒரு பெயர் வைத்தாள். வீட்டில் அம்மாவின் போனில் அதே நிரலைத் திறந்து அதே பெயரை மறுபடி தட்டினாள். தொட்டி என்ற பெயர் இல்லை, எழுத்துப்பிழையைச் சரிபார்க்கவும் என்று வருகிறது. இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.'

இந்துஜா தன் கணினியில் தொட்டி என்று இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தாள். ஒழுங்காக ஓடியது. நான்காம் எண்ணைத் தட்டினாள். 'எழுத்துப்பிழை உள்ளதா எனச் சரிபார்க்கவும். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.'

இரண்டாம் கடிதத்தில் அவர் படங்கள் வைத்திருந்தார். பள்ளியின் தமிழாசிரியையிடம் காட்டிப் பிழையில்லை என்று கேட்டுக்கொண்டதையும் எழுதியிருந்தார். மறுபடி நான்காம் எண் போனது. மூன்றாம் கடிதத்தில் அவரே கண்டுபிடித்துவிட்டார். 'தொ என்பதைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகத் தருகின்றன. சில விசைப்பலகைகள் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தருகின்றன. நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. உங்கள் எடிட்டருக்கு இரண்டு. கொ, தோ, பொ, மோ எல்லாவற்றிலும் இப்படித்தான். தயவுசெய்து போனிலும் தட்டிப் பாருங்கள்.'

மதியம் சாப்பிட்டுவிட்டு, இந்துஜா கணினியில் தான் எழுதிய நிரலைப் போனில் திறந்து ஒரு வரி சேர்த்தாள். கட்டம் சிவப்பானது. 'தொட்டி என்ற பெயர் இல்லை.' மேல் வரியில் தொட்டி இருந்தது. கீழ் வரியிலும் தொட்டி இருந்தது. கை கழுவப் போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை பார்த்தாள். அந்த மனிதர் சொன்னது அத்தனையும் உண்மை.

அன்றே 'மென்பொருள் பிழை' என்று அனுப்பினாள். மறுநாள் திரும்பி வந்தது. பொறியாளருக்குத் தமிழ் தெரியாது. அவள் அனுப்பிய அறிக்கையிலிருந்து ஒரே சொல்லை நகலெடுத்து இரண்டு இடத்திலும் ஒட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டும் ஒன்றாகவே உள்ளன, எனக்குச் சரியாக ஓடுகிறது என்று எழுதியிருந்தார். அவள் வீடியோ எடுத்து மறுபடி அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்துவிட்டது. இரண்டு புள்ளி.

மேலாளர் மந்திரமூர்த்தி கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் தன் பைக்கிலேயே கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவார்.

"எம்மா, ஒரு வாத்தியாருக்காக நீ ஏன் கெடுத்துக்கிடுத? அவரு வேற எழுதிக்கிட்டே இருக்காரு."

"அண்ணாச்சி, அவரு சொல்லுதது சரிதான். நான் செஞ்சு பாத்தேன்."

"நீ பாத்தா போதுமா? அவங்க பாக்கணும்லா. அடச்சு விட்டுட்டு அடுத்ததப் பாரு."

இந்துஜா அந்தப் புகாரை முடிந்ததாக அடைத்துவிட்டாள். பயனர் தவறு. அதன் கீழே ஒரு சின்னக் கட்டம் உண்டு: 'திரும்பத் திரும்ப எழுதுபவர்.' அதில் டிக் போட்டால் அந்த முகவரியிலிருந்து அதே விஷயமாக இனி வருவதையெல்லாம் இயந்திரமே அடைத்துவிடும், யார் கண்ணிலும் படாது. அவரை மறுபடி படிக்கத் தனக்குத் தைரியம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. டிக் போட்டாள்.

புகாரை அடைத்தால் அனுப்பியவருக்கு ஒரு தகவல் தானாகப் போகும் என்பது அவளுக்குத் தெரியும். அதை அன்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. அதில் இருந்த வாசகம்: 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. நன்றி.'

ஜனவரியில் கோவில்பட்டியில் ஒரு கல்லூரி அரங்கில் பள்ளிகளுக்கான போட்டி நடந்தது. 'அடுக்கு' நிறுவனமும் அதில் சேர்ந்திருந்ததால், உதவி மேசையில் உட்கார இந்துஜாவை அனுப்பினார்கள். காலையிலேயே மந்திரமூர்த்தி சொல்லிவிட்டார். "பெங்களூர்ல இருந்து ஆளு வந்திருக்காவ. சாஃப்ட்வேர்ல கோளாறுன்னு மட்டும் வாயத் தொறந்துராத."

பதினோரு மணிக்குக் குளத்தூர்ப் பள்ளியின் பெயரை வாசித்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி செல்வலட்சுமி, எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய இரட்டைச் சடையோடு வந்து நின்றாள். பின்னால், பார்வையாளர்களை நிறுத்தக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம், கட்டம் போட்ட சட்டையில் மெலிந்த ஒருவர் நின்றார். அவர்தான் உச்சிமாகாளி என்று இந்துஜாவுக்குச் சொல்லாமலே விளங்கிற்று.

பள்ளித் தண்ணீர்த்தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும், லாரிக்கு எப்போது சொல்ல வேண்டும் என்று கணக்கிடும் நிரல் அது. பெண் தடுமாறாமல் விளக்கினாள். திரையில் தொட்டி நிறைந்தது, வடிந்தது. நடுவர்களில் மூத்தவருக்குப் பிடித்துவிட்டது.

"நல்லா இருக்கும்மா. தொட்டி கால்வாசிக்குக் கீழ போனா மணி அடிக்கணும். அதுக்கு ஒரு வரி இப்பவே சேரு, பாப்போம்."

மேசையில் இருந்தது போட்டி நடத்துபவர்கள் கொடுத்த மடிக்கணினி. அதன் விசைப்பலகை வேறு. செல்வலட்சுமி அந்த வரியைத் தட்டினாள். கட்டம் சிவப்பானது.

'தொட்டி என்ற பெயர் இல்லை. எழுத்துப்பிழையைச் சரிபார்க்கவும்.'

அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். சிவப்பு. ஒவ்வொரு எழுத்தாக, வாய்க்குள் சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவை தட்டினாள். பின்வரிசையில் சில பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஏட்டி, பாத்து அடி. எழுத்தப் பாரு" என்று கயிற்றுக்குப் பின்னாலிருந்து உச்சிமாகாளி சத்தம் போட்டார்.

மேல் வரியில் இருக்கும் தொட்டியை நகலெடுத்துக் கீழே ஒட்டினால் முடிந்தது. இந்துஜா இருந்த இடத்திலிருந்து ஏழெட்டு அடி தூரம்தான். அவள் எழுந்துகூட விட்டாள். அப்போது நடுவர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்க சாஃப்ட்வேர்ல எதுவும் கோளாறா?"

மந்திரமூர்த்தி அவளைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் கழுத்தில் அட்டை தொங்க நின்றிருந்த பெங்களூர் ஆட்களும் பார்த்தார்கள்.

"இல்ல சார். சாஃப்ட்வேர் சரியாத்தான் இருக்கு."

அப்படிச் சொன்ன பிறகு போய் ஒட்டிக்கொடுக்கவும் வழியில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். நடுவர் செல்வலட்சுமியின் தோளைத் தட்டி, "யோசனை அருமை. தமிழ்ல எழுத்துப்பிழை இல்லாம எழுதப் பழகணும், என்ன?" என்றார். அந்தப் பெண் தலையாட்டினாள். அழவில்லை. திரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டம் கலைந்தபோது உச்சிமாகாளி உதவி மேசைக்கு வந்தார். நோட்டில் கிழித்த தாளில், இரண்டு பக்கமும் நிறைய, கையால் எழுதிய கடிதம் ஒன்றை நீட்டினார்.

"இதக் கொஞ்சம் மேல அனுப்புங்கம்மா. மூணு தடவ எழுதினேன். சரியாயிட்டுன்னு தகவல் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல ஓட்டிப் பாத்தேன், ஓடுச்சு, நம்பிட்டேன். இங்கன வந்து இப்பிடி ஆயிட்டு. அங்க ஆரோ படிக்காமலே அடைக்காவ போல."

இந்துஜா தாளை வாங்கிக்கொண்டாள். மூன்று கடிதங்களில் பார்த்த அதே நிதானம், அதே முழு வாக்கியங்கள்.

"நாந்தான் சார் படிச்சேன்."

அவருக்குப் புரியவில்லை.

"உங்க மூணு லெட்டரையும் நாந்தான் படிச்சேன். போன்ல தட்டியும் பாத்தேன். நீங்க சொன்னது சரி. மேல ரெண்டு தடவ அனுப்பினேன், ஏத்துக்கிடல. அதான் அடச்சுட்டேன்."

உச்சிமாகாளி அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைப் படித்தார்.

"படிக்காம அடச்சிருந்தா மனசு ஆறியிருக்கும்மா" என்றார். கடிதத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. வேன் காத்திருக்கிறது என்று போய்விட்டார்.

மறுநாள் இந்துஜா அந்தக் கடிதம் முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதி, படம் வைத்து, 'மென்பொருள் பிழை' என்று அனுப்பினாள். அரை நொடியில் அது தானாக அடைபட்டது. புகார் அவருடையது என்று, அனுப்பியவர் இடத்தில் உச்சிமாகாளியின் முகவரியைப் போட்டிருந்தாள். டிக் இன்னும் இருந்தது. அதை எடுக்க அவளுக்கு அனுமதி இல்லை. மந்திரமூர்த்தியிடம் போய்க் கேட்டாள்.

"எனக்கும் முடியாதும்மா. போட்டது நீதான?" என்றார் அவர். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இருந்தாலும் குத்தியது.

பிறகு தன் பெயரிலேயே அனுப்பிப் பார்த்தாள். ஏற்கெனவே முடிந்த விஷயம் என்று திரும்பி வந்து மூன்றாம் புள்ளியும் விழுந்தது. மார்ச்சில் அவளுக்கு வேலை போயிற்று. இதற்காகத்தான் போனது என்றும் சொல்ல முடியாது. புள்ளியே இல்லாத எட்டுப் பேரையும் சேர்த்துத்தான் நிறுத்தினார்கள். தமிழைப் படித்து வகை பிரிக்க ஓர் இயந்திரம் வந்துவிட்டதாம். அந்தப் பெண்கள் இத்தனை வருஷம் 'பயனர் தவறு' என்று போட்டதையெல்லாம் கொடுத்துத்தான் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

இப்போது கழுகுமலையில் ஓர் இ-சேவை மையத்தில் உட்காருகிறாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரில் முகவரி மாற்றம். அப்பாவிடம் யாராவது கேட்டால் அவர் இப்போது பேச்சை ஆட்டுக்கு மாற்றிவிடுகிறார்.

அடுத்த டிசம்பரில், மையத்தில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், அவள் 'அடுக்கு' தளத்தைத் திறந்தாள். புதிய பதிப்பு வந்திருந்தது. மாற்றங்களின் பட்டியலில் பதினேழாவதாக ஒரு வரி: சில இந்திய மொழிகளில் ஒரே எழுத்தை இரண்டாக எடுத்துக்கொண்ட பிழை சரிசெய்யப்பட்டது, ஆங்கிலத்தில் தெரிவித்த ஒரு வெளிநாட்டுப் பயனருக்கு நன்றி. அவள் தொட்டி என்று போனிலும் கணினியிலும் தட்டிப் பார்த்தாள். ஓடியது.

போட்டியன்று வாங்கிய கடிதத்தின் அடியில் உச்சிமாகாளியின் போன் எண் இருந்தது. கூப்பிட்டாள்.

"சரி பண்ணிட்டாவளா? நல்லதும்மா" என்றார். அவர் அந்தப் பள்ளியில் இல்லை. கணினிக்கு நிரந்தர ஆசிரியர் வந்ததும் நின்றுவிட்டார். விளாத்திகுளத்தில் உரக்கடையில் பில் போடுகிறார்.

"அந்தப் பிள்ளைட்ட சொல்லுங்க சார், அது தப்பே இல்லன்னு."

"நான் எந்த மொகத்த வச்சுச் சொல்ல? எனக்கே தெரியும் அது பிழை இல்லன்னு. தெரிஞ்சும் அத்தன பேரு முன்னால எழுத்தப் பாருட்டின்னு கத்துனேன். சரியாயிட்டுன்னு தகவல் வந்துச்சுல்லா, அப்ப தப்பு அவ மேலதான்னு அந்த நேரத்துல தோணிட்டு." பிறகு, "நீங்களே சொல்லிருங்க" என்று செல்வலட்சுமியின் அம்மா எண்ணைக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இந்துஜா பேசினாள். செல்வலட்சுமிதான் எடுத்தாள். பத்தாம் வகுப்பு. அடுத்த வருஷம் என்ன குரூப் என்று கேட்டதற்கு, வணிகவியல் என்றாள். "கம்ப்யூட்டர் எனக்கு வராதுக்கா. எழுத்துப்பிழை நெறைய விடுவேன்."

இந்துஜா எல்லாவற்றையும் சொன்னாள். கொம்பு, கால், இரண்டு விசைப்பலகை, மூன்று கடிதங்கள், டிக், நடுவர் கேட்ட கேள்வி, தான் சொன்ன பதில். எதையும் மறைக்கவில்லை. அந்தப் பக்கம் கோழி கூவுவதும் யாரோ குடம் கழுவுவதும் கேட்டுக்கொண்டிருந்தன.

"நீங்கதான் அந்த மேசையில இருந்த அக்காவா?"

"ஆமா."

"அன்னைக்கு எந்திரிச்சு நின்னீங்கல்லா. எனக்கு உதவி பண்ணத்தான் வாரீங்கன்னு நெனச்சேன்."

இந்துஜா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரிக்கா" என்றாள் செல்வலட்சுமி. அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியதுபோலத்தான் கேட்டாள். "இப்ப எதுக்குக்கா எங்கிட்ட சொல்லுதீங்க?"