பெயர் சொல்லாமல் போன வரதராஜன்

செய்தி வந்தபோது நான் கடையில் கம்பிக் கட்டு ஒன்றைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கல்யாணச் சமையல்காரர் ராமு வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "முதலியாரே, மல்லேஸ்வரம் காண்ட்ராக்டர் காலையில போயிட்டாரு" என்றார். என் வாயில் முதலில் வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். "பேரைச் சொல்லாமலேயா?" என்றேன். ராமுவுக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரியட்டும் என்றுதான் நம் தமிழ்ச் சங்க மலரில் இதை எழுதுகிறேன்.

நம் சங்கத்தில் பாதிப் பேர் வீட்டுக் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் வரதராஜன். பந்தல், பாத்திரம், சமையல், மேளம் எல்லாம் அவர் பொறுப்பு. எந்தச் சம்பந்திக்கு முதல் மாலை, எந்தச் சித்தப்பாவைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தால் சண்டை வராது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. கல்யாணக் காண்ட்ராக்டர் ஆவதற்கு முன்னால் அவர் ஒரு மந்திரியின் அந்தரங்கக் காரியதரிசி. மந்திரி வீட்டுக் கூடத்தில் யார் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் அவர்.

அப்போது எனக்கு இரும்புக் கடை. ஆற்காட்டிலிருந்து வந்து மூட்டை தூக்கி, கைவண்டி தள்ளி, கண்டோன்மெண்டில் சொந்தமாகப் போட்ட கடை. தகர ஷீட்டு, ஆணி, கம்பி எல்லாம் பர்மிட் இல்லாமல் நகராத காலம் அது. அதனால் வாரம் இரண்டு தடவை வரதராஜன் முன்னால் போய் நிற்பேன். அந்த அலுவலகத்தில் மந்திரியின் பெயரை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். "அவரு வந்துட்டாரு", "அவரு கோபமா இருக்காரு", எல்லாம் "அவரு"தான். ஒருநாள் கேட்டேன்: "என்ன சாமி, கட்டின பொண்டாட்டி மாதிரி பேரே சொல்ல மாட்டேங்கறீங்க?"

"பொண்டாட்டிக்காவது தாலின்னு ஒண்ணு இருக்கு, முதலியார். என்னை ஆத்துக்கு அனுப்ப ஒரு வரி போதும்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். தொம்மலூர்ப் பக்கம் குடிசைகள் விழுந்தன. அந்தக் குடும்பங்களுக்குக் கூரை போடச் சர்க்கார் ஒதுக்கிய ஷீட்டுகள் என் கடையில் இறங்கியிருந்தன. வரதராஜன் நேரில் வந்தார். "ரெண்டு லாரி லோடு அனுப்பணும். அவரு சொல்லியிருக்கார். பர்மிட் பின்னாலேயே வரும்" என்றார். நான் அனுப்பினேன். பர்மிட் வரவில்லை. ஷீட்டுகள் மந்திரியின் மைத்துனர் கட்டிய சினிமாக் கொட்டகைக்குக் கூரையாகிவிட்டன. படம் பார்க்கப் போனவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். பத்திரிகையில் வந்தது, சட்டசபையில் கேள்வி கேட்டார்கள், விசாரணை வைத்தார்கள்.

ஷீட்டை அனுப்பச் சொன்னது யார் என்று விசாரணையில் வரதராஜனைக் கேட்டார்கள். "அவரு ஹேளிதரு" என்றார் கன்னடத்தில். அவர் சொன்னார் என்று அர்த்தம். மந்திரியின் வக்கீல் எழுந்தார். கெட்டிக்காரர். "அவரு அந்தரெ யாரு?" என்று, அதாவது அவர் என்றால் யார் என்று கேட்டுவிட்டு, சாட்சி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "இவரா?" என்றார். வரதராஜன் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நம் ஊர்த் தலையாட்டலை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். குமாஸ்தா ஆமாம் என்று எழுதினார். அதோடு போகட்டும் என்றால், அந்தத் தாளை வரதராஜனிடம் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வியாபாரி ஆசை காட்டி ஊழியரைக் கெடுத்தார் என்று முடிவாயிற்று. மந்திரி மேல் குற்றமில்லை. என் லைசென்ஸ் போயிற்று, கடையைச் சீல் வைத்தார்கள். வரதராஜன் வேலையும் போயிற்று. எனக்குத் "தகர முதலியார்" என்று பெயர் வந்தது. குடிசைக்காரன் கூரையைத் தின்றவன் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். பழைய கைவண்டியை எடுத்துக்கொண்டு, பட்டாள ஏலத்தில் கழித்துப் போட்ட இரும்பை வாங்கித் தெருத் தெருவாக விற்றேன். மறுபடி ஒரு கடை வைக்க ஆறு வருஷம் ஆயிற்று. கடை வந்தது, நல்ல பெயர் வரவில்லை. என் பெரியவனுக்குப் பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டில், "எந்த முதலியார், தகரமா?" என்று கேட்டுக் காபியோடு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது வீட்டில் சம்மதித்தார்கள். கல்யாண ஏற்பாடெல்லாம் பெண் வீட்டார் பொறுப்பு. சத்திரத்துக்குப் போனால் வாசலில், கையில் சுண்ணாம்புக் கறையோடு வரதராஜன் நிற்கிறார். அவரும் என்னை எதிர்பார்க்கவில்லை.

"வேற ஆளை வைக்கறதுன்னா இப்பவே சொல்லிடுங்கோ முதலியார், இன்னும் உளுந்து ஊறப் போடலை" என்றார்.

எனக்கு அடிக்கக் கை வந்தது. ஆனால் நான் வியாபாரி. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நல்ல காண்ட்ராக்டரை விரட்ட மாட்டேன். "ஊறப் போடுங்க" என்றேன். அந்தக் கல்யாணத்தில் ஒரு குறை இல்லை. பந்தி முடிந்த பிறகு பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அவரே சொன்னார்: "ஆறு மாசத்துல வேலை திரும்பக் கிடைக்கும்னு அவரு சொல்லி அனுப்பினார். எனக்கு மூணு பொண்ணு. நம்பினேன். ஏழாம் மாசம் போனேன், என் கூடத்துல என்னையே உட்கார வெச்சுட்டு உள்ளே போயிட்டார்." கோபமே இல்லாமல், யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னார். அவர் ஏமாந்ததில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. ஏமாந்தவராவது என் பக்கம் வந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு ஒரு ஜவுளிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மந்திரி வந்தார். அப்போதும் பதவியில்தான் இருந்தார். நானும் போயிருந்தேன். வரதராஜன் சந்தனக் கிண்ணத்தை நீட்டியபோது மந்திரி நெற்றியைச் சுருக்கி, "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?" என்றார் கன்னடத்தில். "சமையல் காண்ட்ராக்டர், சார்" என்றார் வரதராஜன். கிண்ணம்கூட ஆடவில்லை. நான் பின்கட்டுக்குப் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இத்தனை கூட்டம், சாமி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் பேருல இருக்கற கறை இன்னிக்கே கழுவிப் போயிருக்கும்."

"மூணாவது பொண்ணு இன்னும் ஆத்துல இருக்கா, முதலியார்."

"அவளுக்கும் ஆயிட்டா?"

"அப்புறம் பேத்தி இருப்பா" என்றார். சொல்லிவிட்டு, "வாங்கோ, ரசம் ஆறிடும்" என்று இலைக்கு அழைத்துப் போனார்.

மூன்றாவது பெண்ணுக்கும் கல்யாணம் ஆயிற்று. நான் மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டுக்கே போய்விட்டேன். "சர்க்கார் படிக்க வேண்டாம், கன்னடம் வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். நம்ம சங்கத்து ஆளுங்க படிக்கறதுக்குத் தமிழ்ல ஒரு தாள். ஷீட்டு அனுப்பச் சொன்னது யாருன்னு எழுதுங்க, போதும்" என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். போனால் வெளியே போயிருந்தார். நாலைந்து திங்கட்கிழமை அப்படிப் போயிற்று. கடைசியில் ஒருநாள் அவரே என் கடைக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தார். முத்து முத்தான கையெழுத்து. தேதி, இடம், லாரி, ஷீட்டு எல்லாம் வரிசையாக இருந்தது. முதலியார் பேரில் குற்றமில்லை என்றும் இருந்தது. சொன்னது யார் என்ற இடத்தில், "மேற்படியார் உத்தரவின்படி" என்று எழுதியிருந்தார். தாளை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை படித்தேன். மேலே எந்தப் பெயரும் இல்லை.

"எந்த மேற்படியார், சாமி?"

"கை வரலை, முதலியார். வருஷக்கணக்கா கடுதாசி அடியில நான் அந்தப் பேரை எழுதுவேன், அதுக்கு மேலே அவர் கையெழுத்துப் போடுவார். என் கையெழுத்துக்கு மேலே அந்தப் பேரை எழுதிப் பழக்கமே இல்லை."

அந்தத் தாளை அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். இனி இந்தக் கடைப்படி ஏறாதீர்கள் என்றேன். அவரும் ஏறவில்லை. அதற்கப்புறம் ராமு வந்து சொன்ன செய்திதான்.

காரியத்துக்குப் போனேன். அவர் சம்சாரம் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உங்களைப் பத்தி அடிக்கடி சொல்லுவார்" என்றார். என்ன சொல்லுவார் என்று கேட்டேன். "முதலியார் நல்லவர்னு" என்றார். வீட்டுக்குள் சொன்னதை வாசலுக்கு வந்து சொல்லியிருக்கலாம். செத்தவர் மேல் கோபம் கூடாது என்கிறார்கள். எனக்கு இருக்கிறது. அவர் என்னைக் காட்டிக்கொடுத்தார், அதைத் தெரிந்தே செய்தார், திருத்த நேரம் இருந்தும் திருத்தவில்லை.

இதை எழுதப் போகிறேன் என்றதும் நம் சங்கச் செயலாளர் ஓடிவந்தார். "என்ன வேணா எழுதுங்க முதலியாரே. தமிழ்தானே, அவருக்குப் படிக்க வராது. ஆனா பேரை மட்டும் போட்டுடாதீங்க, யாராவது எழுத்துக் கூட்டிக் காட்டிடுவான்" என்றார். சங்கக் கட்டடத்துக்கு இடம் கேட்டு நாம் போட்ட மனு, இன்றைக்கும் மந்திரியாக இருக்கும் அவர் மேஜையில்தான் இருக்கிறது. அதில் முதல் கையெழுத்து என்னுடையது. நான் யோசிக்கவே இல்லை, சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

வரதராஜனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவரிடமிருந்து என்ன எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பக்கங்களை முதல் வரியிலிருந்து படித்துப் பாருங்கள். அவருடைய பெயர் இருக்கிறது, சமையல்காரர் பெயர்கூட இருக்கிறது. மேற்படியார் பெயரை நானும் எழுதவில்லை.